பழைய மோட்டர் ஹோமில் நியூபவுண்ட்லாந்து வரை: வெளிக்கிட முன் பார்க்க வேண்டியவை

1986 ஓகஸ்ட் 11ஆம் திகதி நியூபவுண்ட்லாந்தின் தென்கரையில், சென் ஷொட்ஸ் என்ற சிறு மீனவக் கிராமத்துக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் மூடுபனிக்குள் மிதந்துகொண்டிருந்தார்கள். அவர்களை முதலில் கண்டு தன் மீன்பிடிப் படகில் ஏற்றியவர் கஸ் டால்ரன் என்ற மாலுமி. மற்ற மீனவர்களும் வந்து சேர்ந்தார்கள். சென் ஜோன்ஸ் நகரில் சில நாள் தங்கியபின் பெரும்பாலானோர் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் வந்தார்கள். 2026 ஓகஸ்டில் அதற்கு நாற்பது வருடம் நிறைகிறது. 2016இல் முப்பதாம் ஆண்டுக்குச் சிலர் அங்கே போய்க் கஸ் டால்ரனை நேரில் சந்தித்து வந்தார்கள்.

அந்தக் கரையைத் தாங்களும் ஒருமுறை பார்க்க வேண்டும், பிள்ளைகளுக்கும் காட்ட வேண்டும் என்று மொன்றியல் நோரில் பல குடும்பங்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். விமானத்தில் ஆறு பேர் போய், ஹோட்டலும் வாடகைக் காரும் எடுத்தால் வரும் கணக்கு பலருக்குக் கட்டாது. அத்தோடு எங்கள் பெரியவர்களுக்குச் சீனி வருத்தம், முழங்கால் வருத்தம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை கழிவறை வேண்டும், நேரத்துக்குச் சோறு வேண்டும், இன்சுலின் குளிரில் இருக்க வேண்டும். அதனால்தான் ஆட்கள் இருபது, இருபத்தைந்து வருடப் பழைய மோட்டர் ஹோம்களைத் தேடுகிறார்கள். யோசனை நல்லது. ஆனால் அது ஒரு வீடும் ஒரு லொறியும் ஒன்றாக ஒட்டப்பட்ட பொருள். இரண்டில் எது பழுதானாலும் பயணம் நின்றுவிடும். வாடிக்கையாளர்கள் பலர் வாங்க முன் என் மேசைக்கு விலைப் பத்திரத்தோடு வந்ததாலும், எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் பொதுவாக ஒன்றை நாங்களே வாங்கித் தயார்ப்படுத்தியதாலும் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். நான் மெக்கானிக் அல்ல, கணக்காளன். எஞ்சினுக்கு அடியில் படுக்கிற வேலைக்கு மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும். அவரிடம் எதைப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்பதை நாங்கள் தெரிந்து வைத்திருக்கலாம்.

வாங்கும்போது

மோட்டர் ஹோம்களை ஏ, பி, சி என்று மூன்று வகையாகப் பிரிப்பார்கள். ஏ என்பது பஸ் மாதிரிப் பெரியது. பி என்பது வானுக்குள்ளேயே கட்டியது. சாரதி இருக்கைக்கு மேலே ஒரு படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும் சி வகைதான் எங்கள் குடும்பங்களுக்குப் பொருத்தம். பழைய சி வகைகளில் பெரும்பாலானவை போர்ட் ஈ-350 அல்லது ஈ-450 அடிச்சட்டத்தில் கட்டியவை. அதனால் எந்தச் சிற்றூர்க் கராஜிலும் எஞ்சின் உதிரிப்பாகம் கிடைக்கும். 1990களின் கடைசியில் வந்த ஆரம்ப வி-10 எஞ்சின்களில் ஸ்பார்க் பிளக் பூட்டும் மரை போதிய ஆழம் இல்லாமல் பிளக் தெறித்து வெளியே வந்த வரலாறு உண்டு. அந்த வேலை செய்திருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள், ரசீதையும் காட்டச் சொல்லுங்கள்.

கியூபெக்கில் சாதாரண ஐந்தாம் வகுப்புச் சாரதி அனுமதிப்பத்திரமே மோட்டர் ஹோம் ஓட்டப் போதும். தனியாரிடம் வாங்கினால் மத்திய அரசின் ஜி.எஸ்.ரி. வரி இல்லை. ஆனால் மாகாணத்தின் 9.975 வீத வரியை, எஸ்.ஏ.ஏ.கியூ. அலுவலகத்தில் பெயர் மாற்றும்போது கட்ட வேண்டும். 15,000 டொலர் வண்டிக்கு அது ஏறக்குறைய 1,496 டொலர். பேரம் பேசும்போது இதை எவரும் நினைப்பதில்லை.

அதைவிட முக்கியமானது, காசு கைமாற முன் ஆர்.டி.பி.ஆர்.எம். என்ற மாகாணப் பதிவேட்டில் வாகன அடையாள இலக்கத்தைக் கொடுத்துத் தேடுவது. முந்தைய உரிமையாளர் வங்கிக்கு அந்த வண்டியை ஈடு வைத்திருந்தால், அந்தக் கடன் வண்டியோடு சேர்ந்து உங்கள் வாசலுக்கு வரும். தேடுவதற்குச் சில டொலர்தான் செலவு. நம்பிக்கையான ஆள், ஊர்க்காரர், கோயிலில் காண்கிறவர் என்பதெல்லாம் பதிவேட்டுக்குத் தெரியாது.

இரண்டு குடும்பம் சேர்ந்து வாங்கினால் யார் பெயரில் பதிவு, யார் காப்புறுதி, பழுதுச் செலவு எப்படிப் பங்கு, ஒருவர் விலக விரும்பினால் என்ன விலை என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள். அண்ணன் தம்பி என்றாலும் எழுதுங்கள். வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தயார்ப்படுத்தலுக்கு ஒதுக்கி வைப்பது என் கணக்கு. 15,000 டொலர் கையில் இருந்தால் 11,000 டொலர் வண்டியைப் பாருங்கள்.

கூரையும் சுவரும்

எஞ்சினை விடக் கூரையைத்தான் நான் முதலில் பார்க்கச் சொல்வேன். பழைய மோட்டர் ஹோமைக் கொல்வது மழைத் தண்ணீர். சுவருக்குள் மரச்சட்டம் இருக்கும். கூரையில் காற்றுத் துவாரம், குளிரூட்டி, ஏணி பூட்டிய இடங்களில் பசை வெடித்தால், தண்ணீர் உள்ளே இறங்கி மரத்தை உக்க வைக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. சாரதிக்கு மேலுள்ள படுக்கையின் மூலைகளைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று போனால் உக்கல். மஞ்சள் கோடு, புதிதாக ஒட்டிய சுவர்த்தாள், கதவைத் திறந்ததும் பூஞ்சண மணம் ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் விலையைக் குறைப்பதை விட்டு வேறு வண்டி பார்ப்பது நல்லது. வெளிச்சுவர் பலகை அலை அலையாக வீங்கியிருந்தால் ஒட்டு விட்டுவிட்டது என்று அர்த்தம்.

கூரை நல்லதாக இருந்தால், அதை அப்படியே வைத்திருக்கும் வேலை வருடத்துக்கு ஒரு நாள். வெயில் நாளில் ஏறி, கழுவி, பழைய வெடிப்புகளில் கூரைக்கென்றே விற்கும், தானாகப் பரவிச் சமனாகும் பசையை இட வேண்டும். ரப்பர் கூரைக்கு வீட்டு வேலைக்கு வாங்கிய சிலிக்கோனைப் பூச வேண்டாம். பிறகு வேறெந்தப் பசையும் அதன்மேல் ஒட்டாது.

ரயர், பிறேக், கறள்

பழைய மோட்டர் ஹோம் வருடத்துக்கு 3,000 கிலோமீற்றர் கூட ஓடியிராது. அதனால் ரயரின் வெட்டுக்கள் புதிது போலவே இருக்கும், ரப்பர் செத்திருக்கும். ரயரின் பக்கத்தில் டி.ஓ.ரி. என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2318 என்றிருந்தால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ஏழு வருடம் கடந்திருந்தால் பார்வைக்கு எப்படி இருந்தாலும் மாற்றுங்கள். சி வகைக்கு ஆறு ரயர், பின்னால் இரட்டைச் சில்லு. இரட்டையில் உள்பக்க ரயரில் காற்று இறங்கினால் வெளியே தெரியாது. வெளி ரயர் தாங்கித் தாங்கி, நெடுஞ்சாலையில் இரண்டும் சேர்ந்து வெடிக்கும். வெடிக்கும் ரயர் தனியே போவதில்லை. சில்லு மூடி, கழிவுக் குழாய், சில சமயம் மின்வயர் எல்லாவற்றையும் கிழித்துக்கொண்டே போகும். ஆகவே உள்ரயரின் வால்வுக்கு நீட்டுக் குழாய் பூட்டி, ஒவ்வொரு காலையும் குளிர்ந்த ரயரில் அளக்க வேண்டும். புது ரயர் போட்டபின் முதல் 100 கிலோமீற்றருக்குள் சில்லு நட்டுக்களைத் திரும்ப இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

எங்கள் மாகாணத்து வண்டிகளுக்குப் பெரிய எதிரி தெரு உப்பு. பனியில் ஓடாமல் வைத்திருந்தேன் என்று விற்பவர் சொன்னாலும், அடியில் பிறேக் எண்ணெய்க் குழாய்கள், பெற்றோல் தொட்டியைத் தாங்கும் பட்டிகள், அடிச்சட்டம் எல்லாவற்றிலும் கறளைப் பார்க்க வேண்டும். பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. வருடக்கணக்காக மாற்றாவிட்டால், மலை இறக்கத்தில் பிறேக் சூடாகும்போது அந்தத் தண்ணீர் கொதித்து ஆவியாகி, மிதி வெறுமனே தரைவரை போகும். ஐந்து தொன் வண்டியில் அப்படி நடக்கக் கூடாது. எண்ணெயை முழுதாக மாற்றி, பழைய ரப்பர் பிறேக் குழாய்களையும் மாற்றுங்கள். நியூபவுண்ட்லாந்துக்குக் கப்பல் ஏறப் போகிற வழியில், கேப் பிறெட்டனில் 105ஆம் நெடுஞ்சாலை கெலீஸ் மலைமேல் ஏறிக் கடல் மட்டத்துக்குத் திரும்ப இறங்குகிறது. அங்கே பிறேக்கை மிதித்துக்கொண்டே இறங்காமல், மேலேயே கியரைக் குறைத்து எஞ்சினால் பிடித்து இறங்க வேண்டும். பழகாதவர்கள் முதலில் லோரன்சியன் மலைப்பக்கம் ஒரு சனிக்கிழமை ஓட்டிப் பாருங்கள்.

மற்றவை மெக்கானிக்குக்குத் தெரிந்தவைதான்: பெல்ட், றேடியேற்றர் ரப்பர் குழாய், குளிர்ச்சித் திரவம், கியர்பெட்டி எண்ணெய், முன்சில்லு மூட்டுக்கள். ஒன்றை மட்டும் சொல்கிறேன். இரண்டு வருடம் நின்ற வண்டியின் தொட்டியில் கிடக்கும் பெற்றோல் கெட்டுப்போயிருக்கும். அதை எடுத்துவிட்டுப் புதியது நிரப்பி, பெற்றோல் வடிகட்டியையும் மாற்றிய பிறகே நெடும்பயணம்.

நிறைக் கணக்கு

இது எனக்குப் பிடித்த பகுதி, எல்லோரும் தவறவிடும் பகுதியும் கூட. சாரதிக் கதவில் ஒட்டியிருக்கும் தகட்டில் வண்டியின் ஆகக்கூடிய மொத்த நிறை இருக்கும். ஒரு ஈ-350 சி வகைக்கு 11,500 இறாத்தல் என்று வைப்போம், அதாவது 5,216 கிலோ. பெற்றோலும் புரொப்பேனும் நிரப்பி, ஆட்களும் சாமான்களும் தண்ணீரும் இல்லாமல் நிறுத்தால் 4,600 கிலோ வருகிறது என்றால் மிச்சம் 616 கிலோ. ஆறு பேர், சராசரி 70 கிலோ, ஆக 420. மிச்சம் 196. தண்ணீர்த் தொட்டியில் 150 லீற்றர் நிரப்பினால் 150 கிலோ. மிச்சம் 46 கிலோ. இந்த 46 கிலோவுக்குள்தான் ஆறு பேரின் உடுப்பு, போர்வை, அரிசி மூட்டை, தாச்சி, இடியப்பத் தட்டு, மடிப்புக் கதிரை, பிள்ளைகளின் சைக்கிள் எல்லாம்.

முடியாது என்று தெரிகிறதல்லவா? ஆகவே தண்ணீரை 40 லீற்றரோடு நிறுத்துங்கள், வழிநெடுகக் கூடாரத் திடல்களில் நிரப்பலாம். 110 கிலோ மிச்சமாகும். இரும்புத் தாச்சியும் அம்மியும் வீட்டில் இருக்கட்டும். இருபது கிலோ அரிசி வேண்டாம், மொங்ரனில் அரிசி விற்கிறார்கள். வெளிக்கிட முன் ஒருமுறை, எல்லோரும் ஏறி, எல்லாம் ஏற்றியபின் லொறித் தரிப்பிடத் தராசில் நிறுத்துப் பாருங்கள். முன் அச்சு, பின் அச்சு தனித்தனியாக எழுதித் தருவார்கள். ரயருக்கு எவ்வளவு காற்று என்பதையும் அந்த எண்களை வைத்து, ரயர் நிறுவன அட்டவணையைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

எட்டுப் பேர் படுக்கலாம் என்று விளம்பரம் சொல்லும். எத்தனை இருக்கைப் பட்டி இருக்கிறதோ அத்தனை பேர்தான் ஓடும்போது இருக்கலாம். ஓடும் வண்டியில் பின்னால் கட்டிலில் படுத்துக்கொண்டு வருவதும், குசினியில் நின்று தேத்தண்ணி ஊற்றுவதும் கூடாது. கியூபெக்கில் 145 சென்ரிமீற்றர் உயரம் அல்லது ஒன்பது வயது வரும்வரை பிள்ளைக்கு உரிய இருக்கை கட்டாயம். பக்கவாட்டில் பார்க்கும் சோபாவில் பிள்ளை இருக்கையைப் பூட்ட முடியாது. வாங்க முன்னரே பிள்ளைகளின் இருக்கைகளைக் கொண்டுபோய்ப் பூட்டிப் பாருங்கள்.

வீட்டுப் பகுதி

மொன்றியல் குளிரில் தண்ணீர்க் குழாய் வெடிக்காமலிருக்க இலையுதிர்காலத்தில் இளஞ்சிவப்பு உறைதடுப்புத் திரவம் ஊற்றியிருப்பார்கள். வசந்தத்தில் அதைக் கழுவி எடுத்து, தொட்டியைத் தொற்று நீக்க வேண்டும். வாசனை சேர்க்காத சாதாரண வெளுப்புத் திரவம், ஏறக்குறைய 57 லீற்றர் தண்ணீருக்கு 60 மில்லி லீற்றர் என்ற அளவில் கலந்து, எல்லாக் குழாய்களிலும் மணம் வரும்வரை திறந்து மூடி, ஒரு இரவு விட்டு, பிறகு மணம் போகும்வரை நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று தடவை அலச வேண்டும்.

மின்சாரம் இரண்டு வகை. விளக்கும் தண்ணீர்ப் பம்பும் 12 வோல்ட் வீட்டுப் பற்றரியில் ஓடும். எஞ்சின் பற்றரி வேறு. ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்த பற்றரி, 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஈயப் பற்றரி சீக்கிரம் செத்துவிடும். குளிரூட்டி, மைக்ரோவேவ், ரைஸ் குக்கர் எல்லாம் 120 வோல்ட். சி வகை வண்டிகளில் பெரும்பாலும் 30 அம்பியர் இணைப்பு, மொத்தம் 3,600 வாற்ஸ். குளிரூட்டி 1,500, தண்ணீர்ச் சூடாக்கி 1,400, ரைஸ் குக்கர் 700 என்று போட்டால் அதோடு சரி. அப்போது யாராவது கெற்றிலைப் போட்டால் வண்டி முழுக்க இருட்டு. எங்கள் வண்டியில் மின்சாரப் பட்டியலைக் கையால் எழுதிக் குசினிக் கதவில் ஒட்டியிருக்கிறோம். என் மனைவி அதை ஐந்தொகை என்று பகிடி பண்ணுவார்.

பிரிட்ஜ் வீட்டில் உள்ளது போலல்ல. புரொப்பேன் சுவாலையின் சூட்டில் ஓடும் உறிஞ்சு வகை. வண்டி சமதரையில் நிற்காவிட்டால் அது சரியாக ஓடாது, நாளடைவில் கெட்டும்போகும். குளிர ஒரு முழு இரவு எடுக்கும். அதனால் முதல் நாளே போட்டுவிட்டு, குளிர்ந்த பொருட்களையே உள்ளே வைக்க வேண்டும். பழைய பிரிட்ஜ்களில் சில, தீ ஆபத்துக் காரணமாகத் தயாரிப்பாளராலேயே திருப்பி அழைக்கப்பட்டவை. வண்டியின் இலக்கத்தையும் பிரிட்ஜின் தொடரிலக்கத்தையும் வைத்து அந்தத் திருத்தம் செய்திருக்கிறதா என்று பாருங்கள். இன்சுலின் வைப்பவர்கள் பிரிட்ஜுக்குள் ஒரு சிறு வெப்பமானி தொங்கவிடுங்கள்: 2 முதல் 8 பாகை. உறைந்த இன்சுலினைப் பாவிக்கக் கூடாது.

புரொப்பேன்தான் உயிரோடு சம்பந்தப்பட்டது. குழாய், அடுப்பு, சூடாக்கி எல்லாவற்றையும் தகுதிபெற்ற ஆளைக் கொண்டு அழுத்தச் சோதனை செய்வியுங்கள். சவர்க்காரத் தண்ணீர் பூசிக் குமிழி பார்ப்பது அதற்குப் பிறகு உங்கள் மன ஆறுதலுக்கு. புரொப்பேன் கசிவு மணியும் காபன் மொனொக்சைட் மணியும் காலாவதியாகும் சாதனங்கள். பின்பக்கத்தில் திகதி இருக்கும். பச்சை விளக்கு எரிகிறதென்று நம்பாதீர்கள், திகதி கடந்திருந்தால் மாற்றுங்கள். அடுப்பில் சமைக்கும்போது கூரைத் துவாரத்தையும் ஒரு யன்னலையும் திறக்க வேண்டும். அடுப்பை எரியவிட்டு வண்டியைச் சூடாக்கவே கூடாது. நிறைந்த எண்ணெய்த் தாச்சியில் வடை பொரிப்பது வீடு திரும்பியபின் ஆகட்டும்.

கறி வைத்த சட்டியைக் கழுவும்போது எண்ணெயைத் தாளால் துடைத்துக் குப்பையில் போட்ட பிறகே தொட்டியில் கழுவுங்கள். சாம்பல் நிறத் தொட்டி என்று சொல்லும் கழுவுநீர்த் தொட்டியில் எண்ணெய் படிந்தால் அந்த மணத்தோடுதான் மிச்சப் பயணம். கழிவைக் கொட்டும்போது கழிவறைத் தொட்டியை முதலில், கழுவுநீரைப் பிறகு. பின்னது குழாயைக் கழுவிவிடும்.

இரண்டு இரவு ஊருக்கு அருகிலேயே ஒரு கூடாரத் திடலில் தங்கிப் பாருங்கள். பழுதுகளில் பாதி அந்த இரண்டு இரவில் தெரிந்துவிடும், உங்கள் மெக்கானிக் இன்னும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார்.

காப்புறுதியும் கடதாசிகளும்

கியூபெக்வாசி ஒருவர் வீதி விபத்தில் காயப்பட்டால், அது உலகின் எந்த இடத்தில் நடந்தாலும் எஸ்.ஏ.ஏ.கியூ. ஈடு கொடுக்கும். ஆனால் மற்றவருடைய வண்டிக்கும் சொத்துக்கும் உண்டாகும் சேதம் தனியார் காப்புறுதியின் பாடு. கியூபெக்கில் சட்டப்படி ஆகக்குறைந்த பொறுப்புத் தொகை 50,000 டொலர். வெளிமாகாணத்துக்கு வெளிக்கிடுகிறவர்கள் இரண்டு மில்லியன் எடுங்கள், கட்டணத்தில் வித்தியாசம் அதிகம் இல்லை. வீதியுதவி உறுப்புரிமை இருந்தால், அது இந்த நீளமும் நிறையும் உள்ள வண்டியை இழுக்குமா, எத்தனை கிலோமீற்றர் வரை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சாதாரணக் காருக்கான உறுப்புரிமையை நம்பிப் போய் நடுக்காட்டில் கையிலிருந்து காசு கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

சூரியன் படம் போட்ட எங்கள் சுகாதார அட்டை வெளிமாகாண வைத்தியசாலையில் செல்லும். ஆனால் பல வைத்தியர்கள் கியூபெக் அட்டையை ஏற்காமல் நேரடியாகக் காசு கேட்பார்கள். பிறகு மாகாணம் திருப்பித் தருவது கியூபெக் கட்டண அளவுக்குத்தான். அம்புலன்ஸ் செலவு இதில் அடங்காது. கனடாவுக்குள்தானே என்று நினைத்துப் பயணக் காப்புறுதி எடுக்காமல் பெரியவர்களைக் கூட்டிப் போகாதீர்கள். மருந்துகளை மேலதிகமாக ஒரு கிழமைக்குச் சேர்த்து எடுத்து, மருந்துக் கடையில் முழுப்பட்டியலையும் அச்சிட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, எங்கள் சனத்துக்கே உரியது. மொன்றியலில் இருந்து அத்திலாந்திக் மாகாணங்களுக்கு வரைபடம் பார்த்தால் அமெரிக்காவின் மெயின் மாநிலம் குறுக்கே ஆப்பு மாதிரிக் கிடக்கும். வழிகாட்டிக் கருவி குறுக்குவழி என்று அதற்குள்ளால் அனுப்பப் பார்க்கும். குடியுரிமை எடுத்தவர்களுக்குப் பிரச்சினை இல்லை. அகதிக் கோரிக்கை முடியாதவர்கள், நிரந்தர வதிவிடம் இன்னும் வராதவர்கள், அகதிப் பயணப் பத்திரம் மட்டும் உள்ளவர்கள் வண்டியில் ஒருவர் இருந்தாலும் அந்தப் பாதை வேண்டவே வேண்டாம். கோரிக்கை நிலுவையில் இருக்கும்போது நாட்டை விட்டு வெளியேறுவது அந்தக் கோரிக்கையையே கெடுக்கலாம். கருவியில் எல்லை கடக்காதே என்று முதல் நாளே பதிந்து வையுங்கள். அதேபோல, நியூபவுண்ட்லாந்துக்கு அருகிலுள்ள சென் பியர், மிக்கலோன் தீவுகள் பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்தவை. படகில் போய்ப் பார்த்து வரலாம் என்று ஆசைப்படுகிறவர்களும் முதலில் தங்கள் பத்திரத்தைப் பாருங்கள்.

பாதையும் கப்பலும்

மொன்றியல் நோரில் இருந்து 25ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கினால் லாபொன்ரேன் சுரங்கம் வரும். புரொப்பேன் போன்ற ஆபத்துப் பொருட்களுக்கு அங்கே கட்டுப்பாடு உண்டு. 2022 முதல் பெரிய திருத்த வேலையும் நடக்கிறது. சுரங்கத்தை விட்டு, 40ஆம் நெடுஞ்சாலையில் கியூபெக் நகர்வரை போய், பியர் லாப்போர்ட் பாலத்தால் தென்கரைக்குக் கடப்பது நிம்மதி. பிறகு றிவியேர்-டு-லூ, எட்மண்ட்ஸ்ரன், மொங்ரன், கான்சோ அணைவழி, நோர்த் சிட்னி. ஏறக்குறைய 1,500 கிலோமீற்றர். நாளுக்கு 500க்கு மேல் வேண்டாம்.

நோர்த் சிட்னியில் மரைன் அத்லாந்திக் கப்பல். போர்ட் ஓ பாஸ்க் வரை ஏழு மணித்தியாலம் அளவில். அங்கிருந்து சென் ஜோன்ஸ் இன்னும் 900 கிலோமீற்றர். கோடையில் மட்டும் ஓடும் ஆர்ஜென்ரியா கப்பல் பதினாறு மணித்தியாலம் அளவில் எடுக்கும், ஆனால் இறங்கினால் சென் ஜோன்ஸ் பக்கத்தில்தான். முதியவர்கள் இருந்தால் ஒரு அறை எடுத்து ஆர்ஜென்ரியா வழியில் போய், திரும்பும்போது மற்றதில் வரலாம். கட்டணம் வண்டியின் நீளத்தைப் பொறுத்தது. பின்னால் தொங்கும் சைக்கிள் தாங்கியும் நீளத்தில் சேரும். ஓகஸ்டுக்கு வசந்தத்திலேயே பதிவு செய்யுங்கள். ஏற முன் புரொப்பேனை மூடச் சொல்வார்கள், பயணத்தின்போது வண்டித் தட்டுக்கு இறங்க விடமாட்டார்கள். ஆகவே இன்சுலின், மருந்து, கம்பளி, பிள்ளையின் பால் எல்லாவற்றையும் ஒரு பையில் மேலே எடுத்துப் போங்கள்.

போய்வர, உள்ளூர் ஓட்டத்தோடு 5,500 கிலோமீற்றர் என்று கணக்கிடுங்கள். இந்த வண்டிகள் நூறு கிலோமீற்றருக்கு 25 முதல் 30 லீற்றர் குடிக்கும். 27 என்று வைத்தால் 1,485 லீற்றர். லீற்றர் ஒன்றரை டொலராக இருந்தால் 2,200 டொலருக்கு மேல். கப்பல், திடல் வாடகை, சாப்பாடு தனி. எதிர்பாராத பழுதுக்கு 1,500 டொலர் தனியாக இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் அடுத்த வருடம் போகலாம்.

போர்ட் ஓ பாஸ்க்கை விட்டதும் றெக்ஹவுஸ் என்ற இடம். ஒரு காலத்தில் ரயில் பெட்டிகளையே கவிழ்த்த காற்று அங்கே மலையிலிருந்து இறங்கும். காற்று எச்சரிக்கை இருந்தால் உயரமான வண்டி நகரக் கூடாது, துறைமுகத்திலேயே தங்குங்கள். மற்றது மூஸ் மான். 1904இல் நியூ பிறன்ஸ்விக்கில் இருந்து கொண்டுவந்து விட்ட நான்கில் இருந்து தீவு முழுக்கப் பெருகிவிட்டது. நெடுங்கால், கறுத்த உடம்பு. இரவில் விளக்குக்குத் தெரியாது. பொழுதுபடும் முன் நிறுத்தி, விடிந்தபின் எடுங்கள். பெற்றோல் பாதியானதும் நிரப்புங்கள்.

சென் ஜோன்ஸில் இருந்து தெற்கே பத்தாம் இலக்க வீதி கரையோரமாக வளைந்து போகிறது. இரண்டு மணித்தியாலத்துக்கு மேல். கடைசியில் ஒரு கிளைவீதி சென் ஷொட்ஸுக்கு. மரமில்லாத திறந்த வெளி, காற்று, கோடையிலும் மூடுபனி. ஓகஸ்டிலும் தடித்த கோட் வேண்டும். வீதி ஒடுக்கம் என்பதால் மோட்டர் ஹோமை மெதுவாக எடுங்கள், பெரிய வாகனம் திரும்ப இடமிருக்கிறதா என்று உள்ளூரில் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். எங்கள் பகுதியில் அந்தப் படகில் வந்த ஒருவர் இருக்கிறார். எழுபது தாண்டிவிட்டது, கிழமையில் மூன்று நாள் டயலிசிஸ். வண்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அவருக்குப் பாதையில் உள்ள வைத்தியசாலைகளில் மாதக்கணக்கில் முன்கூட்டியே நாள் எடுத்தால்தான் இந்தப் பயணம். அப்படி யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் வண்டியை விட முதலில் அதைத் தொடங்குங்கள். உங்கள் வைத்தியசாலையின் சிறுநீரகப் பிரிவிலேயே மற்ற இடங்களோடு பேசி ஒழுங்கு செய்வதற்கு வழி சொல்வார்கள்.

திரும்பும்போது நியூபவுண்ட்லாந்து மண்ணும் உருளைக்கிழங்கும் தீவை விட்டு வெளியே வரக் கூடாது. உருளைக்கிழங்கு நோய் அங்கே மண்ணில் இருப்பதால் துறைமுகத்தில் உணவுப் பரிசோதகர்கள் வண்டிகளைப் பார்ப்பார்கள், சில்லிலும் அடியிலும் சேறு இருந்தால் கழுவ வேண்டும். மிஞ்சிய உருளைக்கிழங்கைக் கப்பலுக்கு முதல் நாள் இரவே கறி வைத்துவிடுங்கள். கரையில் ஒரு பிடி மண் எடுத்து வர நினைப்பவர்களுக்கும் இதேதான், மண்ணுக்கு அனுமதி இல்லை.